முதலை வண்டியின் இரண்டாவது இருக்கை

நேற்று மாலை லாய்ட் தன் கையாலேயே கீழே அழுத்தி, மேலே நாலு சுற்று பசைநாடாவும் ஒட்டிவிட்டுப் போன தடுப்புக் கம்பி, காலையில் கராஜைத் திறந்தபோது மேலே தூக்கி நின்றது.

கம்பி என்ன கம்பி, ஒரு முழம் பிளாஸ்டிக் குழாய். பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் நாளில் மகள் ஜூனி போட, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை அறுத்து, பச்சை அடித்து, பல் ஒட்டி, ஊருக்கு வெளியே இருக்கும் கேளிக்கைப் பூங்காவில் தண்ணீரின் மேல் ஓடும் முதலை வண்டியைச் செய்துகொண்டிருந்தான். அடிப்பாகம் கிடையாது. ஓர் ஓட்டைக்குள் ஜூனி நின்று வாரைத் தோளில் மாட்டிக்கொண்டால் வண்டி அவளோடு நடக்கும். பக்கத்தில் இன்னோர் ஓட்டை, வெறுமனே; அதன் குறுக்கேதான் அந்தக் கம்பி. அசலில் இரண்டு இருக்கை, எனக்கும் இரண்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். வேறு வேஷம் போடலாமே என்றான் லாய்ட். ஏன் என்று கேட்டாள். லாய்ட் அடுத்த பல்லை எடுத்து ஒட்டினான்.

பதினோரு வருடங்களுக்கு முன் அவன் அந்த வண்டியில்தான் வேலை பார்த்தான். ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்த வேண்டும், அப்புறம்தான் வண்டி கிளம்பும். ஒருநாள் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டே, தொடாமலேயே விரலை உயர்த்தினான். இரண்டாவது இருக்கையில் மஞ்சள் மழைக்காலணி போட்ட ஒரு சிறுமி. இருட்டு வளைவில் கம்பி மேலே எழுந்து அவள் தூக்கியெறியப்பட்டாள்; தண்ணீருக்குள்ளிருந்து பிணமாக எடுத்தார்கள். விசாரணையில், "அந்தப் பக்கம் டெர்ரல்தான் பார்த்தான்" என்றான் லாய்ட், கண்ணைக்கூடத் தாழ்த்தாமல். அன்று கூட நின்ற டெர்ரல் வேலை போய் ஊரை விட்டே போனான். இவன் எல்லோர் முகத்திலும் விழித்துக்கொண்டு இங்கேயே இருக்கிறான். நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

கம்பியைத் திருகாணி போட்டு இறுக்கினான்.

"அட்டைப் பெட்டிக்கு இவ்ளோ ஆணியா? பறந்துடப் போவுதா அது?" என்று சிரித்தாள் மனைவி மார்லா.

"மார்லா, அந்த வண்டியில..."

"என்ன?"

"பெயிண்ட் இன்னும் காயல."

மத்தியானம் பார்த்தபோது திருகாணிகள் தரையில் கிடந்தன, கம்பி மேலே நின்றது, காலி ஓட்டையைச் சுற்றி அட்டை ஈரத்தில் ஊறியிருந்தது, பெயிண்ட் நாற்றத்தையும் மீறி குளோரினும் மசகெண்ணெயும் கலந்த அந்தப் பழைய வளைவின் வாடை கராஜ் முழுக்க நின்றது. மறுபடி திருகினான்.

பொழுது சாயும் நேரம் ஜூனி தெருவில் இறங்கினாள். மிட்டாய்க் கிண்ணத்தோடு நின்ற அக்கம்பக்கத்தார் கை தட்டினார்கள்.

"அடேங்கப்பா! லாய்ட், அசல் வண்டியே தோத்துடும் போ!" என்றார் எதிர்வீட்டு ஹோபார்ட்.

"அப்பா, விரலைக் காட்டு," என்றாள் ஜூனி.

"எதுக்கு?"

"நீ காட்டினாத்தான் கிளம்பணுமாம். இவ சொல்றா." காலி ஓட்டைப் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு எட்டு வைத்தால் போதும். குனிந்து கம்பியை இழுத்துப் பார்க்கலாம், வாரை அவிழ்த்துப் பிள்ளையை வெளியே தூக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். அந்த நினைப்பிலேயே அவன் முகம் எரிந்தது.

கட்டைவிரலை உயர்த்தினான்.

வண்டி நகர்ந்தது. கம்பி மெல்ல மேலே எழுந்தது.

அட்டைக்குக் கீழே ஜூனியின் கறுப்புச் செருப்புகள். பக்கத்தில் இன்னும் இரண்டு கால்கள். மஞ்சள் மழைக்காலணி. நீர் சொட்டியது. ஒரே நடை.

"ஜூனி!"

கை தட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவன் கால் நகரவில்லை. விரல் இறங்கவில்லை.

தெருமுனை வளைவு. விளக்கு இன்னும் எரியவில்லை.

கறுப்புச் செருப்புகள் தரையை விட்டு எழும்பின. மஞ்சள் காலணிகள் மட்டும் நடந்து போயின.