ஒரு வாய்த் தண்ணீர்

"ஏனுங்கப்பா, அந்த மாமா தண்ணிதானே கேட்டாரு?"

அம்மாவோடு எனக்குச் சோறு கொண்டுவந்த என் மகள் லோகப்பிரியா, மில் கேட்டில் நின்று கேட்டாள். ஏழு வயது.

தொண்ணூற்று நான்கு, சித்திரை. சிங்காநல்லூரில் நான் வாட்ச்மேனாக இருந்த மில்லைப் பூட்டியிருந்தார்கள். வெளியே உட்கார்ந்திருந்த தொழிலாளிகளுக்குச் சொட்டுத் தண்ணீர் தரக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு.

"நஞ்சுண்டா, ஒரு வாய் குடுப்பா" என்றார் நூற்புக்காரர் கந்தப்பன்.

"எம்பட வேலை போயிருமுங்கண்ணா."

"எம்படது போன மாதிரியா?" என்று சிரித்துவிட்டு, நொய்யல் கரையோரமாக உக்கடத்து வீட்டுக்கு நடந்தார். வெயிலிலும் தாகத்திலும் சுருண்டு, அன்றே ஆத்துப்பாலத்துக்குக் கீழே இறந்துகிடந்தார். பக்கத்தில் ஓடியது சாயத்தண்ணீர்.

அன்றுமுதல் எந்தத் தண்ணீரும் என் நாக்கில் கசந்தது.

அடுத்த வருடம் அதே நாள், உச்சி வெயிலில், ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணீரோடு அவர் நடந்த கரையிலேயே நடந்தேன். அவர் விழுந்த இடத்தில் அவருக்குக் கொடுக்கும்வரை அன்று நான் குடிப்பதில்லை என்று முருகனிடம் வேண்டியிருந்தேன்.

முதல் பாலத்தின் நிழலில் மெஷின் எண்ணெயும் பஞ்சும் கலந்த வாசனை வந்தது. ஆற்றில் நுரையும் சாக்கடையும்தான்.

ரயில் பாலத்தின் மேல் வண்டி ஒன்று தடதடத்துப் போனது. சத்தம் அடங்கியதும் இன்னொரு சத்தம் மிஞ்சியது.

பின்னால், செருப்பு இழுபடும் சத்தம்.

நான் நின்றால் அதுவும் நின்றது.

என் தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது. சொம்பில் ஒரு மடக்கு குடித்தால் யாருக்குத் தெரியும்? தூக்கிய கையை இறக்கிக்கொண்டேன்.

ஆத்துப்பாலம். மேலே பஸ்கள் ஓடின. கீழே ஈ காக்கை இல்லை.

"நஞ்சுண்டா."

காதோரம். மூச்சுக்காற்று இல்லாத குரல்.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. சொம்பைப் பின்பக்கமாக நீட்டினேன்.

"குடிங்கண்ணா. அன்னைக்கே குடுத்திருக்கோணும்."

சொம்பு என் விரல்களிலிருந்து மெல்ல விலகியது.

மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

வெறுங்கையோடு ஓடிவந்து பஸ் ஏறினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் விடியுமுன் கதவைத் திறந்தேன். வாசற்படியில் அந்தச் சொம்பு. விளிம்பில் ஈரப் பஞ்சு ஒட்டியிருந்தது. மில் பூட்டி வருடம் ஒன்றாகிறது.

அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம் இருந்தது.

தெருவில் ஒருவரும் இல்லை. எடுத்துக் குடித்தேன்.

கசக்கவில்லை.