காலிப் பெட்டியின் கணக்கு

தேக்கா சந்தைக்கு எதிரே ஒரு மாடியில் இருக்கும் பஞ்சவர்ணத்தின் துப்பறியும் அலுவலகத்துக்கு இளமதி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அங்கே உதவிக்கு இருந்த ரஃபீக் முன்னாள் டாக்சி ஓட்டுநர். ஐம்பது வயதிலும், வழக்கு என்றால் அவருக்குக் கால் தரையில் பாவாது.

இளமதிக்குக் கிளமெண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒவ்வொரு மணி நேரத்திலும் ஏறக்குறையப் பாதியாகத் தேயும் கதிரியக்க மருந்து ஒன்று; அதன் தேய்மானத்தைத் துல்லியமாக அளக்க வேண்டும். மணிக்கொரு முறை குப்பியைக் கருவிப் பெட்டிக்குள் வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை கதிர்வீச்சுத் துடிப்பு என்று எண்ணுவார்கள். நேற்று ஒரே மாதிரியான இரண்டு குப்பிகளை அவளும் மூத்தவர் ஜெய்யும் தனித்தனி அறையில் எண்ணினார்கள். தாள்கள் ஒத்துப்போகவில்லை. இளமதிதான் பொய்க்கணக்கு எழுதினாள் என்று மேலாளர் பிரபாகர் முடிவுகட்டிவிட்டார். இன்று மூன்று மணிக்கு வேலை போகும். கூடவே இந்த நாட்டில் தங்கி வேலை செய்யும் பெர்மிட்டும் போகும். ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

ரஃபீக் தாள்களைப் பார்த்தார். ஜெய்யின் கணக்கு 1640, 820, 410 என்று அழகாக இறங்கி 13இல் முடிந்தது. இளமதியுடையது 1652, 811, 447 என்று தடுமாறி 41இல் நின்றது. போதாததற்கு, முதல் வரியில் 'காலிப் பெட்டி: 30'. குப்பியை வைக்காமலே கருவியை ஓட்டிய கவனக்குறைவு என்று மேலாளர் அதைச் சிவப்பில் சுழித்திருந்தார். பெண் மாட்டிக்கொண்டாள் என்றே ரஃபீக்குக்குத் தோன்றியது. பஞ்சவர்ணமோ அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தில் ஜெய்யின் கருவி முன் எல்லாரையும் நிறுத்தினார். "உள்ள ஒண்ணும் வைக்காம ஒரு நிமிஷம் ஓட்டுங்க."

காலிப் பெட்டி 'டிக்' என்றது. மறுபடியும் 'டிக்'. ரஃபீக்குக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்லையே லா," என்றார் மெதுவாக.

எண் 31இல் நின்றது. இன்னொரு முறை ஓட்டினார்கள்: 28.

"மண்ணுல, செவுத்துல, வானத்துல இருந்து எப்பவும் கொஞ்சம் கதிர்வீச்சு வந்துக்கிட்டேதான் இருக்கும். அதுவும் சீரா வராது, கூடும் குறையும். அதைக் கழிக்கத்தான் இந்தப் பொண்ணு முதல்ல காலியா ஓட்டியிருக்கு," என்றார் பஞ்சவர்ணம். பிறகு ஜெய்யிடம் திரும்பினார். "காலிப் பெட்டியே முப்பது காட்டுது. குப்பி உள்ள இருக்கும்போது உங்களுக்கு எப்படிப் பதிமூணு வந்துச்சு?"

ஜெய்யின் முகம் வெளிறியது. நேற்று அவருக்குப் புக்கிட் பாஞ்சாங்கில் புது வீட்டுச் சாவி வாங்கும் அவசரம். முதல் எண்ணை மட்டும் அளந்துவிட்டு, மீதியை மேசையில் உட்கார்ந்து பாதிபாதியாக வகுத்து எழுதியதாக ஒப்புக்கொண்டார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிய பிரபாகருக்குத் தலை நிமிரவில்லை. பறித்து வைத்திருந்த நுழைவு அட்டையை இளமதியிடமே திருப்பிக் கொடுத்தார். ரஃபீக்குக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

மணி மூன்று. பிரபாகர் புதுக் குப்பியை நீட்டினார். இளமதி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, முதலில் காலிப் பெட்டியை ஓட்டினாள். எண் நின்றதும், தாளின் முதல் வரியில் 'காலிப் பெட்டி' என்று பிரபாகரே எழுதினார்.