சி எழுத்துப் பெட்டி

திங்கள், காலை 9.10. அகராதி அலுவலகத்தின் இரும்பு அலமாரியைத் திறந்த ஆசிரியை அப்படியே நின்றுவிட்டார். கீழ்த்தட்டு காலி. ஆங்கில எழுத்து சி-க்கான சொற்சீட்டுகள் இருந்த மரப்பெட்டியைக் காணவில்லை.

பதினெட்டு வருட வேலை. மற்ற இருபத்தைந்து எழுத்துகளும் அச்சாகிவிட்டன. தகராறான சொற்கள் அதிகம் என்று சி-யை மட்டும் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள். இன்று பகல் பன்னிரண்டுக்குள் அதைக் கீழ்த்தள அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் மறுபடி முறை வர எட்டு மாதம் ஆகும்.

9.45. இன்ஸ்பெக்டர் படியேறி வந்தார். ஸ்டேஷனில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். மகளின் இரட்டைக் குழந்தைகள் வீட்டில் இருந்ததால் மூன்று வாரமாக அவர் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. கண்ணில் பட்ட முதல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பூட்டு உடையவில்லை. சாவி மூன்று பேரிடம் இருந்தது: ஆசிரியை, துணையாசிரியர், தட்டச்சு செய்யும் பெண். மற்ற இருவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஆசிரியையிடம் ஆரம்பித்தார்.

"பெட்டியைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"சனிக்கிழமை சாயங்காலம். லீவு நாள். நான் மட்டும் வந்திருந்தேன். ஒரு சீட்டைத் திருத்த வேண்டியிருந்தது. கிளட்ச்ங்கிற சொல்."

"வண்டியில இருக்கே, அந்தக் கிளட்ச்சா?"

"அதுவும் உண்டு. முதல் அர்த்தம், இறுகப் பிடிக்கிறது. விரலை வளைச்சு மடக்குறதைக் குறிச்ச பழைய சொல்லோட பிள்ளை. எஞ்சினைச் சக்கரத்தோட பிடிச்சுச் சேர்க்கிறதால வண்டிக்கும் அந்தப் பேர். வார் இல்லாம கையில பிடிச்சுக்கிற சின்னப் பையும் கிளட்ச்தான். நாலாவதா, ஒரு பறவை ஒரே தடவையில அடைகாக்கிற முட்டைகள். எல்லாத்தையும் ஒரே சொல்லாத்தான் வச்சிருந்தோம். சனிக்கிழமைதான் தெரிஞ்சது, முட்டைக் கிளட்ச் வேற குடும்பம். பொரிக்கிறதுங்கிற சொல்லிலிருந்து வந்தது. காதுக்கு ஒண்ணு, ஆனா ஒட்டும் இல்லை, உறவும் இல்லை."

"அப்புறம்?"

"அதைத் தனிச் சொல்லாப் பிரிச்சு, தமிழ்ல 'அடைக்கொத்து'ன்னு போட்டேன். எந்தப் புத்தகத்திலயும் கிடையாது. நானே கட்டின சொல்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

10.20. தட்டச்சுப் பெண். ஞாயிறு மதியம் அவள் உள்ளே போனதை வாசல் காவலாளி பார்த்திருந்தார்.

"நேத்து எதுக்கு வந்தீங்க?"

"குடையை மறந்துட்டுப் போயிருந்தேன் சார்."

"அலமாரியைத் திறந்தீங்களா?"

"குடையை யாராவது அலமாரியில வச்சுப் பூட்டுவாங்களா?"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை.

10.35. துணையாசிரியர். ஒல்லியான மனிதர், தனிக்கட்டை. பதினெட்டு வருடமும் அதே ஜன்னலோர மேஜை.

"வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சதும் அக்கா வீட்டுக்குப் போயிட்டேன் சார். இன்னிக்குக் காலையில பஸ்ஸை விட்டு இறங்கி நேரா இங்கதான் வரேன்."

"இப்படி ஆயிடுச்சே."

"முக்காவாசி எனக்கு மனப்பாடம். உட்கார்ந்தா ரெண்டு வருஷத்துல திரும்ப எழுதிடலாம். பயப்பட ஒண்ணுமில்லை."

அவர் குரலில் பதற்றமே இல்லை. இன்ஸ்பெக்டர் தட்டச்சுப் பெண்ணையும் உள்ளே கூப்பிட்டு, இருவரிடமும் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். "கிளட்ச் சீட்டுல என்ன இருந்ததுன்னு ஞாபகத்துல இருந்து எழுதுங்க."

11.00. இரண்டு தாள்களையும் ஆசிரியையின் மேஜையில் வைத்தார். எல்லாரும் நின்றார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பொண்ணு ஒரே சொல்லு, நாலு அர்த்தம்னு எழுதியிருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் சீட்டு அப்படித்தான் இருந்தது. நீங்க ரெண்டு சொல்லா எழுதியிருக்கீங்க சார்."

"நானும் இந்தத் தொழில்லதானே இருக்கேன்? பிரிக்கணும்னு எனக்கும் தோணாதா?"

"தோணலாம். ஆனா ரெண்டாவது சொல்லுக்குப் பக்கத்துல 'அடைக்கொத்து'ன்னு இருக்கு. அந்தச் சொல்லு சனிக்கிழமை சாயங்காலம்தான் பிறந்தது. அந்தச் சீட்டைத் தவிர உலகத்துல வேற எங்கயும் இல்லை. அதுக்கப்புறம் பெட்டியை எடுத்தது நீங்கதான். காவலாளி வாசல்ல இருந்தார். அச்சகம் வழியா ஒரு பின்படி இருக்கு. நான் பார்த்துட்டேன்."

துணையாசிரியர் தன் தாளைக் கையில் எடுத்தார்.

"பழைய மாதிரியே எழுதியிருக்கலாம்," என்றார். "பேனா வரைக்கும் வந்தது. ஆனா இது அவ்வளவு நல்ல சொல்லு. விட மனசு வரலை."

"ஏன் எடுத்தீங்க?" என்றார் ஆசிரியை.

"இன்னிக்கு அகராதி முடிஞ்சுடும். நாளைக்குக் காலையில எழுந்து நான் எங்க போறது மேடம்?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

11.25. இரண்டு தெரு தள்ளி துணையாசிரியருடைய ஒற்றை அறை. பெட்டி கட்டிலின் மேல் இருந்தது, ஈரம் படாமல் போர்வை சுற்றி. ஒரு சீட்டும் கலையவில்லை. ஏழெட்டுச் சீட்டுகளில் மட்டும் பென்சிலால் சிறு திருத்தங்கள். ஆசிரியை நின்றபடியே அவற்றைப் படித்தார். எல்லாம் சரியான திருத்தங்கள். அதுதான் அவருக்கு இன்னும் களைப்பைத் தந்தது.

11.50. பெட்டி அச்சகத்துக்குள் போனது. புகாரைத் திரும்பப் பெறுவதாக ஆசிரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

மாடியில் ஆசிரியையும் துணையாசிரியரும் மட்டும் நின்றார்கள்.

"வியாழக்கிழமை புரூஃப் வரும்," என்றார் ஆசிரியை. "பிழை பார்க்க ரெண்டு பேர் வேணும்."

"நான் வரலாமா மேடம்?"

ஆசிரியை அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஒன்பது மணிக்கு வாங்க. கொஞ்ச நாளைக்கு என்கிட்ட பேச மட்டும் வேண்டாம்."