நிலாணியின் இடம்

மூன்று மாதமாக, ஞாயிற்றுக்கிழமையானால் ராகுலனுக்குக் கால் வீட்டில் நிற்காது. வேலையிடத்து வியட்நாம்காரர் ஒருவர்தான் அவனைக் கூட்டிப்போய், லான் என்கிற பெண்ணுக்குச் சாமி வரும்போது மேளம் தட்ட விட்டவர். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையிலும் அவன் விரல்கள் அந்தத் தாளத்தைத்தான் போட்டன. பெண்சாதி நிலாணிக்கு வயிறு எரியாதா? "எவள் உவள் எண்டு பாப்பம்" என்று இன்றைக்கு அவளும் காரில் முன்னுக்கு ஏறி இருந்துவிட்டாள்.

வோபர்ன் பகுதியில், சாமி வருகிற அந்த வீட்டின் நிலத்துக்குக் கீழான பேஸ்மென்ற் முழுக்க ஊதுபத்திப் புகை. சுவாமித் தட்டுக்கு முன்னால் ஒரு கண்ணாடி. அதற்கு முன்னால் லான். எழுபது வயது, முன்பல்லும் இல்லை.

அட, உதுக்கோ இவ்வளவு நாளும் வெந்து செத்தனான்! நிலாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

லானின் தலையைச் சிவப்புத் துணியால் மூடினார்கள். பக்கத்தில் இருந்தவள் அரைகுறை இங்கிலிஸில் குசுகுசுத்தாள்: துணியை வீசினால் தெய்வம் வந்து தங்கிவிட்டது, திரும்ப மூடினால் போய்விட்டது.

தந்தி வாத்தியம் விம்மியது. பாட்டு ஏறியது. ராகுலனின் கை வேகம் பிடித்தது. துணிக்குள் தலை சுழன்றது.

துணி பறந்தது.

எழும்பினது கிழவி இல்லை. குமர்ப்பெட்டையின் இடுப்பு, குமர்ப்பெட்டையின் நடை. கையில் விரித்த விசிறிக்கு மேலால் ராகுலனை ஒரு பார்வை பார்த்தது. அவனும் பார்த்தான். கட்டின பெண்சாதியை அவன் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

நிலாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் உரு வந்தவர்களிடம் கேட்கிற கேள்வி தானாக வாயில் வந்தது.

"ஆர் நீ? உனக்கு என்ன வேணும்? கேட்டதைத் தாறன், எடுத்துக்கொண்டு எங்களை விட்டிட்டுப் போ!"

மேளம் நின்றது.

அந்த முகம் கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்த்தது. ஒரு சொல் தமிழ் தெரியாத வாய், மெதுவாகச் சொன்னது.

"உன்ரை இடம்."

உடனே லான் சரிந்து விழுந்தாள். தலையை மூடத் துணியைத் தேடினார்கள். ஒருவர் கையிலும் அகப்படவில்லை.

வெளியே நல்ல வெயில். நிலாணி காரின் முன்கதவில் கை வைத்தாள்.

"நீர் பின்னுக்கு ஏறும்." ராகுலன் அவளைப் பார்க்கவே இல்லை.

"ஏனப்பா? முன்னுக்கு ஆர் வருகினம்?"

அவன் பின்கதவைத் திறந்து பிடித்தான். அவள் பின்னுக்கு ஏறி சீற் பெல்ற்றைப் போட்டாள். கார் வெளிக்கிட்டதும் பெல்ற் போடச் சொல்லும் எச்சரிக்கை மணி கத்தத் தொடங்கியது. அவள் பெல்ற் போட்டிருந்தாள். அவனும் போட்டிருந்தான்.

ராகுலன் காரை ஓரங்கட்டினான். பக்கத்து வெறும் சீற்றுக்குக் குறுக்கால் பெல்ற்றை இழுத்து, நோகாமல் மாட்டினான்.

மணி நின்றது.

பெல்ற் சீற்றில் படியவில்லை. ஒரு குமர்ப்பெட்டை இருக்கிற அளவுக்கு முன்தள்ளி நின்று, மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது.