ஒருநாள் வேலையாள்

உசாந்தினி அந்தக் கட்டட வளாகத்தின் வாசலில் போய் இறங்கியபோது மழை விட்டும் விடாமலும் இருந்தது. மார்கழி மாதத்துக் காலை. ஆனாலும் பொழுதுபட்ட நேரம் போல வானம் கறுத்துக் கிடந்தது. பாண்டிருப்புக் கடற்கரையில், முன்பு மீனவர்கள் தோணிகளை இழுத்து வைத்திருந்த இடத்தில், பெரிய சுற்றுலா விடுதி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. கம்பி நீட்டிக்கொண்டு நின்ற தூண்களுக்கு அப்பால் கடல் இரைந்தது.

கொழும்பில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊரான காரைதீவுக்குத் திரும்பி வந்தவள் அவள். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் இந்த உத்தியோகம் கிடைத்ததே பெரிய காரியம். ஆட்களை வேலைக்குச் சேர்ப்பதும், சேர்ந்தவர்களின் குறைகளைக் கேட்பதும் அவள் பொறுப்பு. அவளுக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் ஏன் விலகிப் போனார் என்று யாரும் சொல்லவில்லை.

தெருவின் மறுகரையில் சில ஆண்கள் நின்றார்கள். குடை இல்லை. சாரமும் சேர்ட்டும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தன. கேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இவங்க ஆரு காக்கா?" என்று காவலாளியிடம் கேட்டாள்.

காவலாளி மக்கீன் கல்முனைக்குடியைச் சேர்ந்தவர்; அங்கே வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களைக் காக்கா என்றுதான் அழைப்பார்கள். தாடி நரைத்த மனிதர். கேற்றின் கொண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"இந்தக் கரையில தோணி வெச்சிருந்த ஆக்கள், மகள். கரைய விட்டுத் தந்தா வீட்டுக்கு ஒராளுக்கு வேலை எண்டு கம்பனி சொன்ன. அதுக்குத்தான் வந்து நிக்கிறாங்க."

"எப்பத்தில இருந்து?"

"அத்திவாரம் வெட்டின நாள்ல இருந்து."

உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் தூர மாவட்டங்களிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவரப்பட்டவர்கள். வளாகத்தின் பின்பக்கத்தில் தகரக் கொட்டில்களில் படுத்தார்கள். அவர்களுக்கு ஞாயிறும் இல்லை, பௌர்ணமிப் போயா விடுமுறையும் இல்லை. ஊருக்குப் போய்வரக் கேட்டால் அடுத்த மாதம் பார்ப்போம் என்பதுதான் பதில்.

திட்ட முகாமையாளர் சுதன் அவளை இருக்கச் சொல்லி, நேரே விடயத்துக்கு வந்தார்.

"அடுத்த கிழமை கடன் குடுத்த வங்கிக்காரர் வருவினம். உள்ளூர் ஆக்களுக்கு வேலை குடுக்கிறமா எண்டு பாப்பினம். வாசல்ல நிக்கிற ஆக்களில கொஞ்சப் பேரை அண்டைக்கு உள்ளுக்கு எடுங்கோ. ஜக்கெட், ஹெல்மட் எல்லாம் குடுங்கோ."

"அதுக்குப் பிறகு?"

"பிறகு பாப்பம்" என்றார் அவர், தொலைபேசியை எடுத்துக்கொண்டே.

மத்தியானம் தொழிலாளர்களோடு பேசலாமென்று பின்பக்கம் போனாள். மழை தகரத்தில் விழும் சத்தம் காதை அடைத்தது. கொட்டில்களுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, ஒரு சதுரத் திறப்பு இருந்தது. விடுதிக்குத் தண்ணீர் சேமிப்பதற்காக நிலத்துக்குக் கீழே கட்டிய தாங்கி அது. ஒரு வீட்டையே உள்ளே வைக்கலாம் போலப் பெரிது. இரும்பு ஏணி ஒன்று இருட்டுக்குள் இறங்கிப் போனது.

அதற்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது.

சரக்... சரக்...

மேசன் கரண்டியால் சுவரில் சீமெந்து இழுத்துப் பூசும் சத்தம். அவசரமில்லாமல், ஒரே சீராக.

"உள்ளுக்கு ஆரு வேலை செய்யிற?" என்று கம்பி வளைத்துக்கொண்டிருந்த நடுவயதுக்காரர் ஒருவரிடம் கேட்டாள். மலைநாட்டிலிருந்து வந்தவர்.

அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினார்.

"நாங்க யாரும் அங்க எறங்குறதில்லைங்க மிஸ்."

"அப்ப இந்தச் சத்தம்?"

"அது நாங்க வர்றதுக்கு முந்தியே இருக்குங்க."

உசாந்தினி திறப்பின் விளிம்பில் குனிந்தாள். புதிதாகக் குழைத்த சீமெந்தின் மணம் வந்தது. அதற்குள்ளே இன்னொரு மணமும். கடலிலிருந்து ஏறிவந்த மனிதனின் மேலில் வீசும் உப்பும் வியர்வையும் கலந்த வாடை.

சத்தம் நின்றது.

கீழே நின்று யாரோ தன்னை அண்ணாந்து பார்ப்பது போலிருந்தது அவளுக்கு.

வங்கிக்காரர் வரும் நாள் காலையில் அவளே வாசலுக்குப் போய் ஆட்களைக் கூப்பிட்டாள். முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து வந்தார்கள். செம்மஞ்சள் ஜக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டபோது அவர்கள் முகத்தில் சந்தோசம் இல்லை. ஒரு பயம்தான் இருந்தது. அதை அவள் கூச்சம் என்று நினைத்தாள்.

கூட்டத்தின் பின்னால் ஒரு பெண் நின்றாள். வெள்ளைச் சேலை. கையில் குடை இருந்தும் விரிக்கவில்லை.

"உங்களுக்கும் வேலை வேணுமா அக்கா?" என்று உசாந்தினி கேட்டாள்.

"எனக்கு வேணாம் மிஸ்" என்றாள் அந்தப் பெண். "உள்ளுக்கு எடுத்த ஆக்களை வெளியிலயும் விடுவிங்களா எண்டு கேக்க வந்தன்."

உசாந்தினிக்கு விளங்கவில்லை. அதற்குள் வங்கிக்காரரின் வாகனம் வந்துவிட்டது. மக்கீன் அந்தப் பெண்ணை மெதுவாக ஓரத்துக்குக் கூட்டிப் போனார். "செல்லத்தங்கம், போங்க புள்ள... மழையில நிக்காதங்க..." என்று அவர் சொன்னது மட்டும் கேட்டது.

நாள் நன்றாகவே போனது. உள்ளூர் ஆட்கள் கல் சுமந்தார்கள், மணல் அரித்தார்கள். வந்தவர்கள் அதைப் படம் எடுத்தார்கள். வங்கிக்காரர் கைகொடுத்துச் சிரித்துவிட்டு, கல்முனையில் தாங்கள் தங்கியிருந்த விடுதிக்குப் புறப்பட்டார்கள்.

வாகனம் தெருமுனையில் மறைந்ததும் சுதன் அவளிடம் வந்தார்.

"சரி, எல்லாரையும் அனுப்புங்கோ. ஜக்கெட்டுகளை மறக்காமல் வாங்கி வையுங்கோ."

"நாளைக்கு இவங்களை வரச் சொல்றதா?"

"என்னத்துக்கு?"

அவளுக்கு முகம் எரிந்தது. அந்த மனிதர்கள் ஜக்கெட்டைக் கழற்றி மடித்து அவள் கையில் தந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறென்று வெளியே போனார்கள். ஓடாத குறை.

கல்முனைப் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. பின்பக்கத்தில் கொங்கிரீட் லொறி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. தாங்கியின் திறப்புக்கு மேல் தட்டுப் போட்டு மூட அன்று ஏற்பாடு.

அப்போதுதான் கண்டாள்.

செம்மஞ்சள் ஜக்கெட் போட்ட ஒருவர் தாங்கிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். தலை கடைசியாக மறைந்தது.

"காக்கா! ஒராள் உள்ளுக்கு நிக்கிறார்!"

மக்கீன் கேற்றடியிலிருந்து கத்தினார். "எல்லாரும் வெளியில போயிட்டாங்க மகள்! என்ட கண்ணால கண்டன்!"

லொறி இன்னும் பின்னுக்கு வந்தது. கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு அவள் ஏணியில் கால் வைத்தாள். ஏணி சில்லென்று குளிர்ந்தது. கீழே கணுக்கால் அளவுக்கு மழைத் தண்ணீர். கைத்தொலைபேசியின் வெளிச்சம் அருகிலிருந்த தூணைத் தாண்டிப் போகவில்லை. மேலே லொறியின் இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்பது போலானது.

சரக்... சரக்...

தாங்கியின் மறுகோடியில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு சுவர் பூசினார். வெளிச்சம் எதுவும் வைத்திருக்கவில்லை. கும்மிருட்டில் பூசிக்கொண்டிருந்தார். ஜக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அண்ணன், மேல வாங்க. மூடப் போறாங்க."

கை நிற்கவில்லை.

"இந்தச் சுவர் இன்னும் முடியல்ல மிஸ்."

"நாளைக்குச் செய்யலாம். இப்ப வாங்க."

கை நின்றது.

"நாளைக்கும் வரட்டா?"

அந்தக் குரலில் ஆசை இருந்தது. அவரை எப்படியாவது மேலே ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

"ஓம். வாங்க."

"என்னையும் சேத்துட்டிங்களா?"

"ஓம் அண்ணன், சேத்தாச்சு."

அவர் திரும்பினார்.

வாயும் மூக்கும் சீமெந்தால் அடைபட்டு, கல்லாக இறுகியிருந்தன.

அந்த வாய் அசையவே இல்லை.

"அப்ப நான் உங்கட ஆள்" என்றது குரல்.

எப்படி ஏணியில் ஏறினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. மேலே வந்து லொறிக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ஆள் இருப்பதாக அவள் சொன்னதும் சுதன் நாலைந்து பேரோடு பெரிய விளக்குகளை எடுத்துக்கொண்டு இறங்கினார். மூலைமுடுக்கெல்லாம் தேடினார்கள். ஆள் இல்லை.

ஆனால் தாங்கியின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் பூசப்பட்டிருந்தது. விரல் வைத்தால் பதியும் ஈரம். மேலே ஏறி வந்த சுதன் லொறியைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மக்கீன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தானும் பக்கத்தில் குந்தினார்.

"அவர்ட பேர் நல்லரெத்தினம், மகள். காலையில வந்த செல்லத்தங்கத்தின்ட புரிசன். போன மாரியிலயும் இப்பிடித்தான். வங்கிக்காரனுக்குக் காட்ட ஒரு நாளைக்கு ஆக்களை எடுத்தாங்க. சுனாமிக்குப் பிறகு வீடு கட்டின காலத்தில அவர் பூச்சு வேலை பழகின மனுசன். தன்ட வேலையைக் கண்டா நிரந்தரமா வெச்சிருவாங்க எண்டு நம்பிட்டார். மத்தவங்க போகக்குள்ள அவர் போகல்ல. தாங்கிக்குள்ள இறங்கிப் பூசிட்டு இருந்திரிக்கார். ஆரோ ஏணியைத் தூக்கிட்டாங்க. அண்டு ராவு மழை கொட்டினது. வெள்ளமும் சீமெந்துச் சேறும் சேந்து உள்ளுக்கு இறங்கிட்டு. மனுசன் மூச்சடைச்சுச் செத்துட்டார்."

"கம்பனி என்ன சொன்ன?"

"எங்கட ஆளில்ல, களவா உள்ளுக்கு வந்தவன் எண்டு சொன்ன. பொலிஸ் வர முந்தி மையத்து உடம்பில இருந்து ஜக்கெட்டையும் கழட்டிட்டாங்க. நான் உண்மையைச் சொன்னன். ஒருத்தரும் காதில போட்டுக்கொள்ளல்ல."

அன்றிரவு உசாந்தினி கண்ணை மூடவில்லை. வாய் திறந்தால் வேலை போகும் என்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. காரைதீவில் அப்படி இன்னொரு உத்தியோகம் கிடைக்காது என்பதும் தெரியும். ஆனாலும் விடிந்ததும் பாண்டிருப்புக்குப் போய்ச் செல்லத்தங்கத்தைக் கூட்டிக்கொண்டு, வங்கிக்காரர் தங்கியிருந்த விடுதிக்குப் போனாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். தாங்கிக்குள் தான் கண்டதை மட்டும் சொல்லவில்லை.

செல்லத்தங்கம் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவர் களவுக்குப் போனவர் இல்ல. வேலைக்குப் போனவர். அதை உங்கட வாயால சொல்லுங்க. போதும்."

வங்கிக்காரர் அன்றே திரும்பி வந்தார்கள். தொழிலாளர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. சுதன் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார். தூர மாவட்டத்துத் தொழிலாளர்கள் முறை வைத்து ஊருக்குப் போய்வந்தார்கள். தெருவின் மறுகரையில் நின்றவர்கள் நிரந்தரமாக உள்ளே வந்தார்கள். அவர்கள் வேலை தொடங்கிய முதல் நாள் வாசலில் எல்லோருக்கும் முன்னால், நல்லரெத்தினம் இங்கே வேலை செய்துகொண்டிருக்கும்போது இறந்த எங்கள் தொழிலாளி என்று கம்பனியின் பெரியவர் ஒருவர் சொன்னார். செல்லத்தங்கம் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு தாங்கிக்குள் சத்தம் கேட்கவில்லை. ஆட்கள் பயமில்லாமல் இறங்கினார்கள். மழையும் ஓய்ந்து, தை பிறந்து, வெயில் எறிக்கத் தொடங்கியது. உசாந்தினிக்கு மட்டும் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. வேலை செய்யும் இடங்களில் ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அங்கே அவர் இல்லை. இல்லாதது ஆறுதலாக இருக்கவில்லை. எங்கே போனார் என்ற கேள்விதான் ஓயாமல் அரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காரைதீவு வீட்டில், அம்மா கூப்பிடும் குரல் கேட்டு எழும்பினாள்.

"ஆரடி புள்ள அந்த மேசன்? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் ஆளைப் பிடிச்சிரிக்காய்?"

"எந்த மேசன்?"

"கிணத்தடியில வேலை செய்யிறாரே, அவர்தான். அப்பா விட்டுட்டுப் போன அரைச்சுவரைக் கட்டுறார். ஆரு வரச் சொன்ன எண்டு கேட்டன். மிஸ்ஸிட ஆள் எண்டு சொன்னார். திரும்பிக்கூடப் பாக்கல்ல. பாவம், வேர்த்து ஒழுகுது எண்டு தேத்தண்ணி வெச்சிட்டு வந்தன்."

உசாந்தினி வெறுங்காலோடு பின்பக்கம் போனாள்.

கிணற்றடியில் யாரும் இல்லை. அப்பா இறந்த பிறகு பாசி பிடித்துக் கிடந்த சுவரின் மேல் புதிதாக ஒரு வரி கல் ஏறியிருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாந்து ஈரமாக மினுங்கியது.

சுவரின் மேல் தேநீர்க் கோப்பை இருந்தது. ஒரு சொட்டும் குறையாமல் நிறைந்திருந்தது. ஆவி இன்னும் பறந்தது.

கோப்பையின் விளிம்பில், சாம்பல் நிறச் சீமெந்தில் இறுகிப்போன ஒரு உதட்டுத் தடம்.