கோமளாபுரத்தைக் காணோம்

"அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்... இருக்கு அவனுக்கு!"

கொரட்டூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், ஒழுகுகிற கூரைக்குக் கீழே நின்றுகொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தாள் தேவிப்பிரியா. அம்பத்தூரில் ஆபீஸ் முடித்து ரயிலில் வந்து இறங்கியவளை மழை அங்கேயே பிடித்து நிறுத்தியிருந்தது. மழை மேல் கோபம்... குடையை மறந்த தன் மேல் கோபம்... எல்லாவற்றுக்கும் மேலாக, இதுவரை முகம்கூடப் பார்த்திராத ஒரு கடைக்காரன் மேல் கோபம்.

"அப்பா மத்தியானமும் சாப்பிடலையா? தட்டைத் தள்ளி விட்டுட்டாரா? எல்லாம் அந்த ரிப்பேர் கடைக்காரனாலம்மா! டிஸ்ப்ளே மாத்திக் குடுன்னா, பதினோரு மாச விளையாட்டையே அழிச்சு வெச்சிருக்கான். தெரியாத வேலையில எதுக்குக் கை வைக்கிறான், முட்டாள்! ஸ்டேஷன் ரோட்டுல பெரிசா போர்டு வேற!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். பக்கத்துத் தூணில் சாய்ந்திருந்தவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பெரிய கண்கள்... அத்தனை மழையிலும் கொதித்துக்கொண்டிருந்த கண்கள்.

"என்ன பாக்குறீங்க?"

"இல்ல... இன்னும் எதுனா திட்டு பாக்கி கீதான்னு பாத்தேன். அந்த முட்டாள் நான்தான். பேரு ஜெகதீஷ்."

வேறு நாளாக இருந்தால் கூசிப்போயிருப்பாள். இன்று அவளுக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை.

"நீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு!"

"இன்னா நல்லது? டிஸ்ப்ளேதான் மாத்துனேன். உள்ள கீற மெமரி கார்டைத் தொடக்கூட இல்ல. உங்க தம்பி அஸ்வின் கடையிலயே போட்டுப் பாத்துட்டு, எல்லாம் சரியா கீதுன்னு சொல்லித்தான் எட்துனு போனாரு. ரெண்டு வாரம் ஆவுது."

"அப்ப தானா அழிஞ்சுதா?"

"பாத்தாத்தான் சொல்ல முடியும். அது சரி... 'இந்தக் கடைப் பக்கமே போகாதீங்க'ன்னு நெட்டுல ஒத்த ஸ்டார் போட்டது நீங்கதானே?"

"ஆமா! உண்மையைத்தான் எழுதினேன்!"

அவன் தாடை இறுகியது.

"நாளைக்கு அந்த கேம் செட்டை எட்துனு கடைக்கு வாங்க. தப்பு என்னுதுன்னா ரோட்டுல நின்னு மன்னிப்பு கேக்குறேன். உங்களுதுன்னா?"

"எங்களோடதா இருக்காது!"

மழை விடவில்லை. ஆனாலும் அவள் விறுவிறுவென்று இறங்கி நடந்தாள். அவன் பக்கத்தில் இன்னும் ஒரு நிமிஷம் நிற்பதைவிட நனைவதே மேல்!

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அப்பா பரந்தாமன் கரூரில் இருபத்தெட்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. பெண்ணும் பிள்ளையும் அவரைக் கொரட்டூர் ஃபிளாட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். விரலுக்கு வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். அஸ்வின், பழைய வீடியோ கேம்கள் ஆடுகிற கையடக்க செட் ஒன்று வாங்கிவந்தான். அதில் ஊர் கட்டுகிற விளையாட்டு அப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று. ரோடு போட்டார்... வீடு வைத்தார்... பாலம் கட்டினார். ஊருக்கு மனைவியின் பெயரைச் சூட்ட, எழுத்தைத் தேடித் தேடி அழுத்தியே நாலு நாள் ஆனது.

"முப்பது வருஷமா என்னை ஒரு ஊருக்கும் கூட்டிட்டுப் போனதில்ல. இப்ப எனக்கு ஊரே கட்டுறாராம்!" என்று நொடித்துக்கொண்டே அம்மா கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கோமளாபுரம்தான் போன ஞாயிற்றுக்கிழமை காணாமல் போயிருந்தது. திறந்தால் வெறும் பச்சைத் தரை. அப்பா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. விரலை நீட்டி நீட்டிக் கத்தினார்... கைக்கு எட்டியதை எல்லாம் வீசினார்.

மறுநாள் சனிக்கிழமை, செட்டை ஜெகதீஷின் மேஜை மேல் டக்கென்று வைத்தாள்.

அவன் கார்டைக் கழற்றி கம்ப்யூட்டரில் செருகினான். அவன் விரல்கள் பதறாமல் வேலை செய்வதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வந்தது. முட்டாள் என்று திட்டிவிட்டோமே... இவன் முட்டாள் மாதிரியே தெரியவில்லையே!

"இந்தா பாருங்க" என்றான். "இது பழைய கேம் மெஷின் மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேர். எமுலேட்டர்னுவாங்க. ஆட்டத்தை ரெண்டு விதமா சேவ் பண்ணலாம். கேமுக்கு உள்ளயே போயி சேவ் பண்றது ஒண்ணு. ஆடிகினு இருக்கப்பவே அப்டியே உறைய வெச்சு நிறுத்துறது இன்னொண்ணு. அதுக்கு ஒரே பட்டன். கை முடியாதவருக்கு அதான் சுலபம்... உங்கப்பா அதைத்தான் பண்ணிகினு இருந்துருக்காரு."

"அதுல என்ன தப்பு?"

"தப்பு இல்ல. ஆனா உறைய வெச்ச ஃபைல் பல சமயம் பழைய வெர்ஷன்லதான் தொறக்கும். எமுலேட்டரைப் புதுசா மாத்துனா மூஞ்சத் திருப்பிக்கும். இங்க அதான் ஆயிருக்கு."

"அப்ப... அழியலையா?"

"அழியல. இதோ கீது ஃபைல்."

அழுதுவிடுவோமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"எமுலேட்டர் அப்டேட் ஆனது போன ஞாயித்துக்கெழம, காலைல பத்தே காலுக்கு. கடைல இல்ல, ஊட்ல. யாரு அமுக்குனது?"

ஞாயிற்றுக்கிழமை... பத்தே கால்... ஒரு கையில் காபியோடு, அப்பா மடியில் இருந்த செட்டில் 'அப்டேட் பண்ணவா?' என்று வந்து நின்ற பெட்டியைப் பார்த்து 'சரி' என்று தட்டிவிட்டுப் போனது யார்?

அவளேதான்.

"தெ... தெரியல" என்றாள்.

அந்தப் பெரிய கண்கள் அவள் முகத்தில் ஒரு நொடி நின்றன. புரிந்துகொண்டுவிட்டான்... நன்றாகவே புரிந்துகொண்டுவிட்டான்! ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சரி. பழைய வெர்ஷனைத் தேடிப் புடிக்கணும். நாளைக்கு ஊட்டுக்கே வந்து போட்டுத் தரேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. வீடு போய்ச் சேரும்வரை அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு காலை வந்தான். அப்பாவின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய எமுலேட்டரை ஏற்றி, உறைந்து கிடந்த ஃபைலைத் திறந்தான். திரை ஒருமுறை மினுங்கியது... ரோடு வந்தது. பாலம் வந்தது. கோமளாபுரம் முழுசாக எழுந்து நின்றது!

அப்பாவின் உதடு துடித்தது. "இப்ப கேமுக்குள்ளயும் ஒருவாட்டி சேவ் பண்ணிருவோம் சார். அந்த ஃபைல் புது வெர்ஷன்லயும் தொறக்கும்" என்று அவர் கட்டைவிரலைப் பிடித்து, சரியான இடத்தில் அழுத்த வைத்தான் ஜெகதீஷ்.

"ஒரு வாரமா மனுஷன் பட்டினிப்பா!" அம்மா பொரிந்து தள்ளினாள். "ரிப்பேருக்குக் குடுத்தா பாத்துச் செய்யக் கூடாதா? பொறுப்பு வேணாமா?"

"ஆமாம்மா. என் தப்புதான். மன்னிச்சிருங்க" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

தேவிப்பிரியாவுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. அவன் கிளம்பியதும், பின்னாலேயே படியில் தடதடவென்று இறங்கினாள்.

"நில்லுங்க! என் தப்பை நீங்க ஏத்துக்கச் சொல்லி நான் கேட்டேனா?"

"உங்கப்பா கோவம் உங்க மேல திரும்ப வேணாம்னு பாத்தேன். எனக்கு திட்டு வாங்கிப் பழக்கம்."

"அப்ப நான் திட்டு வாங்கப் பயந்தவளா? நீங்க பெரிய தியாகி, நான் கோழையா?"

"இன்னாங்க இது! திட்டுனாலும் கோவம், காப்பாத்துனாலும் கோவமா?"

"ஆமா! மேல வாங்க!"

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். பிடித்தோம் என்பது மூன்றாவது மாடியில்தான் உறைத்தது... சட்டென்று விட்டாள். உள்ளங்கை சுட்டது.

"அப்பா... நான்தான்பா அதை அப்டேட் பண்ணினேன். இவர் இல்ல. தெரிஞ்சதுக்கு அப்புறமும் மறைச்சேன்."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். வாய் கோணி, எச்சில் விழுங்கி, ஒவ்வொரு எழுத்தாக வெளியே தள்ளினார்.

"தெ... ரி... யும்."

ஒரு வாரமாக அவர் விரலை நீட்டி நீட்டிக் கத்தியது கேம் செட்டைக் கேட்டு அல்ல... அவளைக் காட்டித்தான்! சொல்ல முடியாத அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தட்டெல்லாம் பறந்திருந்தது. தேவிப்பிரியா அவர் மடியில் முகம் புதைத்து அழுதாள். அவர் இடது கையால் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். நல்ல பலமான குட்டு!

அன்று சாயங்காலமே இணையத்தில் தான் எழுதியதை அழித்துவிட்டு, தப்பு தன்னுடையது என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜெகதீஷ் வந்தான். அப்பாவுக்குப் புதுப் புது விளையாட்டு ஏற்றித் தருவான். அவளோடு எதற்காவது சண்டை போடுவான். "இன்னா, இன்னைக்கு மொறைப்பு கம்மியா கீது?" என்பான். அவள் முறைப்பாள்... அவன் போன பிறகு தனியாகச் சிரிப்பாள்.

ஒரு ஞாயிறு அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி, நேராகக் கடைக்குள் நுழைந்தாள்.

"ஏன் வரல?"

ஜெகதீஷ் ஸ்க்ரூ டிரைவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கடைசியா வந்தன்னைக்கு உங்கம்மா இன்னா படிச்சிருக்கேன்னு கேட்டாங்க. ஐ.டி.ஐ.ன்னேன். டம்ளரை எட்துனு உள்ள போனவங்க, நான் கெளம்புற வரைக்கும் வெளிய வரல. எனக்கும் ரோஷம் கீதுங்க. மேனாம்பேட்ல எங்க ஊட்டு ஆளுங்க எவன் வாசல்லயும் போயி நின்னதில்ல."

"கேட்டது எங்கம்மா. ரோஷப்பட்டது நீங்க. நடுவுல நான் ஒருத்தி இருக்கேனே... என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உங்கள இன்னான்னு கேக்குறது?"

"நேத்து ராத்திரி சாப்பிடறப்ப எங்க வீட்டுல என்ன சண்டை தெரியுமா? அம்மா உங்க படிப்பு, உங்க வேலைன்னு ஆரம்பிச்சாங்க. அப்பா மேஜையில ஒரு குத்து குத்தி, 'ஜெகா'ன்னார். எங்க பேரையே இன்னும் சரியாச் சொல்லாத மனுஷன்! அம்மா வாயடைச்சுப் போய்ட்டாங்க. அவருக்கு இருக்கிற தைரியம் உங்களுக்கு இல்லையா?"

ஸ்க்ரூ டிரைவர் மேஜையில் உருண்டது. அவன் மெதுவாக எழுந்தான்.

"கேக்குறேன். என்னைப் புடிச்சிருக்கா?"

"பிடிக்காமதான் ரெண்டு ஞாயித்துக்கிழமையா தலைவாரி, பொட்டு வெச்சு வாசலைப் பாத்துட்டு உக்காந்திருந்தேனா?" கண்ணில் நீர் முட்ட, கிட்டத்தட்டக் கத்தினாள். "பிடிச்சிருக்கு! போதுமா?"

பக்கத்து டீக்கடையில் நாலு தலை திரும்பியது. அவளுக்கு அதெல்லாம் தெரியவில்லை.

"எனக்கும்தான்..." அவன் குரல் தழைந்தது. "உங்கம்மா சம்மதிக்கிற வரைக்கும் வாசல்ல நிக்கிறேன். ஓட மாட்டேன்... ப்ரியா."

'ங்க' இல்லாமல், வெறும் ப்ரியா.

அவ்வளவு கோபத்தோடு வந்தவளுக்கு, அதை இப்போது எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திரும்பிப் போகவும் தோன்றவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவன் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.