சோம்பிகள் வருகிறார்கள்

புத்தகக் கட்டைப் பிரித்ததுமே மிளகாயின் மூக்கு நுனி சிவந்துவிட்டது.

மிளகாய் என்பது வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். கோபம் வந்தால் அவள் பக்கத்தில் நிற்க முடியாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய திகில் கதைகளை ஒரு புத்தகமாகத் தொகுத்தவள் அவள்தான். எல்லாம் ஜாம்பிக் கதைகள். செத்தவர்கள் எழுந்து வந்து, கண்ணில் பட்டவர்களை எல்லாம் கடித்து, உலகத்தையே காலி செய்கிற கதைகள்.

மிளகாயின் அம்மா தன் அச்சுக்கடையில் இருந்து புத்தகங்களை இப்போதுதான் வகுப்புக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அட்டையில் பெரிய சிவப்பு எழுத்தில் 'சோம்பிகள் வருகிறார்கள்' என்று இருந்தது. உள்ளே புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சோம்பி. மருந்துக்குக்கூட ஒரு ஜாம்பி இல்லை.

"அம்மா, திரும்ப அடிச்சுத் தர முடியுமா?"

"மெஷின்ல வேற வேலை ஓடுதும்மா. சாயங்காலம்தான் நிக்கும்."

"போச்சு," என்றான் ரத்தம். அவன் கதையில் இரண்டு வரிக்கு ஒரு முறை ரத்தம் ஓடும். அதனால் அந்தப் பெயர். "எட்டாம் வகுப்பு அண்ணனுங்க சும்மாவே சிரிப்பாங்க. இனிமே கேக்கவே வேணாம்."

அதுதான் கவலை. அன்று மதியம் பள்ளி நூலகத்தில் புத்தகத்தை வாசித்துக் காட்ட வேண்டும். பெரிய பிள்ளைகளில் ஒருவராவது விரும்பிக் கேட்டு வாங்கினால், ஜன்னல் ஓர அலமாரியில் அதற்கு இடம் உண்டு என்று நூலக மேடம் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் பழைய பேப்பரோடுதான் போகும்.

கதைகளைக் கணினியில் அடித்தவள் புதுசு. அந்த வருடம்தான் பள்ளியில் சேர்ந்தவள். ரத்தம் வாசிக்க வாசிக்க, அவள் அடித்தாள்.

மிளகாய் விறுவிறுவென்று அவளிடம் போனாள். திட்ட வேண்டிய வார்த்தைகள் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. புதுசு பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு இருந்தது. அதைப் பார்த்ததும் மிளகாய்க்குப் பாவமாகப் போய்விட்டது.

"எதுக்கு சோம்பின்னு அடிச்சே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவன் ஸ்டைலா 'ஸோம்பி, ஸோம்பி'ன்னுதான் படிச்சான்."

ரத்தம் உடனே ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தான்.

"சரி, உனக்குச் சந்தேகமே வரலையா?"

"இல்லையே. கதையெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு. மெதுவா நடக்கிறாங்க. குளிக்கிறதில்லை. கிழிஞ்ச சட்டையைத் தைக்கிறதில்லை. சமைக்காம பச்சையாவே சாப்பிடுறாங்க. 'ஆ'ங்கிறதைத் தவிர ஒரு வார்த்தை பேசறதில்லை. சோம்பேறிங்கன்னு நினைச்சேன்."

மிளகாய் அவளையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் புதுசுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"எங்க அண்ணன் அப்படியேதான் இருப்பான்," என்றான் ரத்தம்.

"ஒரு எழுத்தும் மாத்த வேணாம்," என்றாள் மிளகாய். "ஆனா நீயும் என்கூட மேடைக்கு வரணும்."

மதியம் நூலகம் நிரம்பி வழிந்தது. எட்டாம் வகுப்பு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது. மிளகாய் புத்தகத்தைத் திறப்பதற்குள், அவர்கள் தலைவன் நெட்டை கைகளை விரித்து, வேண்டுமென்றே பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான். கூட இருந்தவர்களும் விட்டார்கள்.

"சீக்கிரம் படிங்க, தூக்கம் வருது," என்றான் நெட்டை.

மிளகாய்க்கு முகம் சுட்டது. கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். அப்போதுதான் ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. புத்தகத்தை மூடிவிட்டாள்.

"முதல்ல ஒரு எச்சரிக்கை. இது ஜாம்பி இல்லை, சோம்பி. ஜாம்பி கடிச்சா வலிக்கும். சோம்பி கடிச்சா வலிக்காது, ரத்தம் வராது."

ரத்தத்துக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்.

"கடிச்சதே தெரியாது. அப்புறம் எதுவுமே செய்யத் தோணாது. உலகமே அப்படியே நின்னு போயிடும். கண்டுபிடிக்க ஒரே ஒரு அடையாளம்தான் இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "முதல்ல கொட்டாவி வரும்."

எல்லாத் தலைகளும் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. அடுத்த கொட்டாவிக்காகத் திறந்த வாய் திறந்தபடியே நெட்டை உட்கார்ந்திருந்தான்.

"பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் உடனே பரவும்," என்றாள் புதுசு.

கொட்டாவி என்ற பேச்சைக் கேட்டாலே கொட்டாவி வரும். முன் வரிசையில் ஒரு நாலாம் வகுப்புப் பொடியன் வாயைப் பிளந்தான். அவன் பக்கத்துப் பெண் அலறினாள், அலறி முடிப்பதற்குள் அவளுக்கும் வந்துவிட்டது. அப்படியே வரிசை வரிசையாகப் பரவி, கடைசியில் நூலக மேடமே கையால் வாயை மூடிக்கொண்டார். அதைப் பார்த்து நூலகம் மொத்தமும் அலறியது, சிரித்தது, மறுபடி அலறியது.

அதன் பிறகு மிளகாய் வாசித்த கதைக்கு ஒரு சத்தமும் இல்லை. மாடிப்படியில் சோம்பிகள் காலை இழுத்து இழுத்து ஏறி வந்தபோது, எட்டாம் வகுப்பில் பலர் காலைத் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்கள்.

மணி அடித்தது. நெட்டை முன்னால் வந்தான். ஒரு கை வாயை இறுக்கி மூடியிருந்தது. இன்னொரு கையை நீட்டினான்.

"எனக்கு ஒண்ணு குடு," என்றான் விரல் இடுக்கு வழியாக.

புதுசுதான் எடுத்துக் கொடுத்தாள். "ராத்திரி தூக்கம் வந்தா ஜாக்கிரதை, அண்ணா."

"அடுத்த புத்தகத்தையும் நீயே அடி," என்றான் ரத்தம் அவளிடம். "தப்பு இல்லாம அடிச்சு வச்சிடாதே."

நூலக மேடம் ஜன்னல் ஓர அலமாரியைத் துடைக்கத் துணி எடுத்தார். அவருக்கு இன்னொரு கொட்டாவி வந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.